முன்னால் கொடி, பின்னால் எஞ்சின்

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏற வருகிறவர்கள் எஞ்சினைத் தேடி முன்பக்கம் போவார்கள். அங்கே அது இருக்காது. கல்லாறு தாண்டிப் பல்சக்கரப் பாதை தொடங்கியதிலிருந்து குன்னூர் வரும்வரை, நீராவி எஞ்சின் வால்பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளிக்கொண்டு வருகிறது. முதல் பெட்டியின் முகப்பில் நிற்பவர் பிரேக்ஸ்மேன். கையில் பச்சைக் கொடி, சிவப்புக் கொடி. வழியில் நிற்கும் பிள்ளைகள் கையசைப்பது அவருக்கு, போட்டோவில் விழுவதும் அவர்தான். வண்டியை ஏற்றும் விசை மட்டும் அவரிடம் துளியும் இல்லை.

அரசர் இருக்கும் நாட்டில் நாடாளுமன்றம் எப்படி ஆள்கிறது என்று கேட்பவர்களுக்கு நீலகிரியில் இதைவிட வசதியான உதாரணம் கிடைக்காது. ஓர் இடத்தில்தான் அது உதைக்கும். பாதையில் பாறை உருண்டு கிடந்தால் பிரேக்ஸ்மேன் யாரையும் கேட்காமல் பிரேக்கைச் சுற்றுவார். அரசர் அப்படிச் செய்யலாமா, எப்போது செய்யலாம், செய்தால் என்ன ஆகும்? பிரிட்டன், ஜப்பான், ஸ்பெயின், மலேசியா, பூடான் எல்லாம் இந்த ஒரு கேள்விக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி வைத்திருக்கும் நாடுகள். பிரிட்டன் எழுதாமலே வைத்திருக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது தூரத்து விஷயம் போலத் தோன்றும். இல்லை. ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கும், ராஜ்பவன் என்று அழைக்கப்பட்ட ஆளுநர் மாளிகை, மதராஸ் மாகாண ஆளுநர்கள் கோடைக்கு வந்து தங்கி ஆண்ட இடம். அங்கே பறந்தது அரசரின் கொடி. 1947 ஆகஸ்ட் 15-ஆம் தேதி அரசர் போய்விட்டார் என்றே பலரும் நினைக்கிறார்கள். போகவில்லை. 1950 ஜனவரி 26 வரை இந்தியா ஒரு டொமினியன், அதாவது பிரிட்டிஷ் அரசரையே அரசராக வைத்துக்கொண்டு தன்னைத் தானே ஆளும் நாடு. ஆறாம் ஜார்ஜ்தான் அரசர். அவர் பெயரில் முதலில் மவுண்ட்பேட்டனும் 1948 ஜூனிலிருந்து ராஜாஜியும் கவர்னர்-ஜெனரலாக இருந்தார்கள். ஆண்டது நேருவின் அமைச்சரவை. ஏறக்குறைய இரண்டரை ஆண்டு நாமும் அரசியலமைப்பு முடியாட்சியாகத்தான் இருந்தோம். இலங்கை அதில் 1972 மே 22 வரை இருந்தது. குடியரசு ஆனபோது நாம் மகுடத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் குடியரசுத் தலைவரை வைத்தோம். எஞ்சினை மாற்றவில்லை.

ஊட்டியில் மைசூர் மகாராஜாவின் ஃபெர்ன்ஹில் அரண்மனையையும் ஜோத்பூர் மகாராஜாவின் ஆரன்மோர் அரண்மனையையும் பார்த்துவிட்டு, 'அந்த ராஜாக்களும் இப்படித்தானே' என்று கேட்பவர்கள் உண்டு. மைசூர் மகாராஜாவும் ஜோத்பூர் மகாராஜாவும் வேறு வகை. மைசூரில் 1881-லிருந்தே ஒரு பிரதிநிதிகள் சபை இருந்தது, ஆனால் திவானை வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் அந்தச் சபைக்கு இல்லை. அடையாளம் கண்டுகொள்ள இந்த ஒரு சோதனை போதும். அரசாங்கத்தைக் கவிழ்க்கும் வாக்கு யாரிடம் இருக்கிறது? அது சபையிடம் இருந்தால், அரண்மனை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நாடாளுமன்ற ஆட்சி. அரண்மனையிடம் இருந்தால், சபைக்கு எத்தனை மாடி கட்டினாலும் அது மன்னராட்சிதான்.

ஒரு மசோதா, ஒரு கையெழுத்து

பிரிட்டனில் ஒரு மசோதா சட்டமாக மூவர் சம்மதம் வேண்டும்: காமன்ஸ் சபை, பிரபுக்கள் சபை, அரசர். மூன்றாமவர் எப்படிச் சம்மதிக்கிறார் என்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

அரசர் மசோதாவில் கையெழுத்துப் போடுவதில்லை. மசோதாக்களின் பெயர்ப் பட்டியல் உள்ள ஓர் ஆணைப்பத்திரம் அவரிடம் போகும், அதில்தான் கையெழுத்து. அதன் பிறகு இரண்டு சபைகளின் தலைவர்களும் தத்தம் சபையில் அதை அறிவிப்பார்கள். அறிவித்த நொடியில் சட்டம். இந்தச் சுருக்க வழி 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதற்கு முன்பே, 1854-க்குப் பிறகு எந்த அரசரும் ஒப்புதல் கொடுக்க நேரில் சபைக்கு வந்ததில்லை. கூட்டத்தொடர் முடியும் நாளில் ஒப்புதல் கொடுத்தால் மட்டும் பழைய சடங்கு இன்னும் நடக்கும். எழுத்தர் ஒருவர் மசோதாவின் பெயரைப் படிக்க, இன்னொருவர் நார்மன் பிரெஞ்சில் 'லு ருவா லு வோ' என்பார். 'அரசர் இதை விரும்புகிறார்' என்று பொருள். பணம் சம்பந்தப்பட்ட மசோதாவென்றால் வாசகம் நீளும்: அரசர் தம் நல்ல குடிமக்களுக்கு நன்றி சொல்லி, அவர்கள் கொடுத்ததை ஏற்றுக்கொண்டு, விரும்புவார்.

மறுப்பதற்கும் ஒரு வாசகம் உண்டு. 'அரசர் யோசிப்பார்.' நம் அலுவலகங்களில் 'பார்க்கலாம்' என்பார்களே, அதே பொருள். அது கடைசியாகப் பயன்பட்டது 1708-இல். ஸ்காட்லாந்துக் குடிப்படை மசோதாவை ஆன் அரசி மறுத்தார். பாடப்புத்தகங்கள் இதை 'அரசர் கடைசியாக மறுத்த சம்பவம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. அந்த மறுப்பே அமைச்சர்கள் கேட்டுக்கொண்டு நடந்தது என்பதைச் சொல்வதில்லை. மசோதா நிறைவேறியபின், பிரெஞ்சுக் கப்பற்படை ஸ்காட்லாந்தை நோக்கி வருகிறது என்று செய்தி வந்தது. அங்கே ஆயுதம் கொடுத்தால் யார் பக்கம் திரும்பும் என்ற பயத்தில் அமைச்சர்கள்தான் நிறுத்தச் சொன்னார்கள். ஆக, அந்தக் கடைசி மறுப்பும் அரசியின் சொந்த மறுப்பு இல்லை.

இதைத்தான் 'ஆலோசனை' என்கிறார்கள். இந்தச் சொல்லில் தடுக்கி விழாத மாணவர் குறைவு. தமிழில் ஆலோசனை என்றால் கேட்டாலும் கேட்கலாம், விட்டாலும் விடலாம். அரசியலமைப்பு மொழியில் பிரதமர் அரசருக்குத் தரும் ஆலோசனை கட்டளைக்குச் சமம். அரசர் அதன்படி செய்தாக வேண்டும். பதிலுக்கு அவருக்குக் கிடைப்பது பாதுகாப்பு: செய்தது தப்பாகப் போனால் திட்டு பிரதமருக்கு. 'அரசர் தவறு செய்யமாட்டார்' என்ற பழைய வாக்கியத்தின் பொருள் அவர் நல்லவர் என்பதில்லை. அவர் செய்யும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேறொருவர் சபையில் நின்றாக வேண்டும் என்பது.

பிரிட்டன் மரபாக வைத்திருப்பதை மற்ற நாடுகள் எழுதி வைத்தன. ஸ்பெயினின் 1978-ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அரசரின் செயல் எதுவானாலும் பிரதமரோ உரிய அமைச்சரோ எதிர்க்கையொப்பம் (அரசரின் கையெழுத்தோடு சேர்த்து இடும் கையெழுத்து) இட வேண்டும், சில செயல்களுக்கு மட்டும் கீழவைத் தலைவர். அது இல்லாத அரச ஆணை வெறும் தாள். விதிவிலக்கு, தன் அரண்மனை ஆட்களை நியமிப்பது போன்ற வீட்டு விவகாரம் மட்டும். எதிர்க்கையொப்பம் இட்டவரே பொறுப்பு என்பதையும் 64-ஆவது பிரிவு சொல்லிவிடுகிறது. ஜப்பான் இன்னும் கறார். 1947 மே 3-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் பேரரசர் நாட்டின் 'சின்னம்'. ஆட்சி தொடர்பான அதிகாரம் எதுவும் அவருக்கு இல்லை என்று 4-ஆவது பிரிவு நேரடியாகவே சொல்கிறது. பிரதமரை அவர் நியமிப்பதாக எழுதியிருக்கும், ஆனால் நாடாளுமன்றம் பெயர் சொன்னவரைத்தான். ஸ்வீடன் எல்லாவற்றையும் தாண்டிப் போய்விட்டது. 1975-இலிருந்து அங்கே அரசர் சட்டத்தில் கையெழுத்துப் போடுவதே கிடையாது. கூட்டத்தொடரைத் திறந்துவைக்கிறார், வெளியுறவு ஆலோசனைக் குழுவுக்குத் தலைமை வகிக்கிறார், அவ்வளவே.

சரி, கையெழுத்து இயந்திரம்தான் என்றால் தினமும் அரண்மனைக்குச் சிவப்புப் பெட்டியில் கோப்புகள் ஏன் போகின்றன? பிரதமர் வாரம் ஒருமுறை ஏன் போய் உட்கார்ந்து பேசுகிறார்? அரசருக்கு மூன்று உரிமைகள் உண்டு என்பது பிரிட்டிஷ் மரபு. அவரைக் கலந்துகொள்ள வேண்டும், அவர் ஊக்கப்படுத்தலாம், எச்சரிக்கலாம். அந்த அறையில் குறிப்பெடுக்க ஆள் இல்லை. பேசியது வெளியே வராது. வந்தால் அந்த நாளோடு அரசர் ஒரு கட்சிக்காரர் ஆகிவிடுவார். எழுபது ஆண்டு அரியணையில் இருந்த இரண்டாம் எலிசபெத் பதினைந்து பிரதமர்களைப் பார்த்தவர். யாருக்கு வாக்களித்திருப்பார் என்று கடைசிவரை யாராலும் சொல்ல முடியவில்லை. அதுதான் அந்த வேலையின் தேர்ச்சி.

ஒரு சின்ன விஷயம். ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1829 ஏப்ரல் 23, அரசர் நான்காம் ஜார்ஜின் பிறந்தநாளில். அவர் பிறந்ததோ ஆகஸ்ட் 12. ஏப்ரல் 23 என்பது கொண்டாட்டத்துக்காகக் குறித்த 'அதிகாரபூர்வப் பிறந்தநாள்'. இன்றைய அரசர் சார்லஸ் நவம்பரில் பிறந்தவர், அணிவகுப்பு நடப்பது ஜூனில். பிறந்தநாள்கூட நாட்டுக்கு வசதியான தேதியில்தான் வரும்.

ஆலோசனையே தப்பாக இருந்தால்?

2019 ஆகஸ்ட் 28. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகும் பிரெக்ஸிட் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. பிரதமர் போரிஸ் ஜான்சனின் ஆலோசனைப்படி, பால்மோரலில் இருந்த அரசி கூட்டத்தொடரை முடித்துவைக்கும் ஆணையைப் பிறப்பித்தார். ஐந்து வாரம் சபை மூடிக்கிடக்கும். அரசி மறுத்திருக்க வேண்டும் என்று அன்று பலர் எழுதினார்கள். மறுத்திருந்தால் பிரதமரோடு நேரடி மோதல், பிரதமரின் எதிரிகளுக்கு ஆதரவு என்ற பெயர். ஒப்புக்கொண்டதால் சட்டவிரோதமான ஆணைக்குக் கையெழுத்திட்டவர் என்ற சங்கடம். இரண்டு பக்கமும் பள்ளம்.

செப்டம்பர் 24-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்ட 11 நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். தக்க காரணமின்றி நாடாளுமன்றத்தின் வேலையைத் தடுத்ததால் அந்த ஆலோசனை சட்டவிரோதம், அதன்மேல் எழுந்த ஆணை செல்லாது, சபை முடித்துவைக்கப்படவே இல்லை. தீர்ப்பு அரசியைக் குறை சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குற்றம் ஆலோசனை தந்தவர் கணக்கில் ஏறியது. பிரேக் பிடித்தது அரண்மனை இல்லை, நீதிமன்றம். முடியாட்சி தப்பித்ததற்கு அதுவே காரணம்.

பிரதமர் யார் என்று தெரியாதபோது

ஒரு கட்சிக்குத் தனிப்பெரும்பான்மை கிடைத்துவிட்டால் அரசருக்கு வேலையே இல்லை. 2024 ஜூலை 4-இல் தேர்தல், மறுநாள் மதியத்துக்குள் ரிஷி சுனக் விலகி கீர் ஸ்டார்மர் பதவியேற்றாகிவிட்டது. சிக்கல் தொங்கு சபையில்தான். உண்மையான அதிகாரம் எட்டிப் பார்ப்பது இங்கேதான், அதனால் ஒவ்வொரு நாடும் அரசரை இந்த இடத்திலிருந்து தள்ளிவைக்க ஒரு தந்திரம் செய்திருக்கிறது.

பிரிட்டனின் தந்திரம் காத்திருப்பது. 2010 மே 6 தேர்தலில் கன்சர்வேட்டிவ் 306, லேபர் 258, லிபரல் டெமாக்ரட் 57, மொத்தம் 650. யாருக்கும் பாதி இல்லை. தோற்ற பிரதமர் கார்டன் பிரவுன் உடனே விலகவில்லை, விலகவும் கூடாது. அடுத்தவர் யார் என்று தெரியும்வரை இருக்கையைக் காலியாக விட்டால் அரசியே ஆளைத் தேட வேண்டிவரும். கட்சிகள் ஐந்து நாள் பேசின. அரசி லண்டனை விட்டு விலகி வின்ட்சரில் இருந்தார். முடிவு தெரிந்தபின் 11-ஆம் தேதி மாலை பிரவுன் விலகினார், சற்று நேரத்தில் டேவிட் கேமரன் அரண்மனைக்குப் போனார். கட்சிகள் தங்களுக்குள் தீர்த்துக்கொண்டு ஒரே ஒரு பெயரோடு வர வேண்டும், அரசியிடம் இரண்டு பெயர் போகவே கூடாது. விதி அவ்வளவுதான்.

ஸ்பெயினில் தந்திரம் கடிகாரம். அரசர் கட்சித் தலைவர்களைச் சந்தித்து ஒருவரைப் பரிந்துரைப்பார், 350 பேர் கொண்ட கீழவை வாக்களிக்கும். முதல் சுற்றில் 176 வேண்டும். 48 மணி நேரம் கழித்து இரண்டாம் சுற்றில் எதிர்ப்பைவிட ஆதரவு அதிகமாக இருந்தால் போதும். முதல் வாக்கெடுப்பிலிருந்து இரண்டு மாதத்துக்குள் யாரும் தேறாவிட்டால் சபை கலைந்து மறுதேர்தல். 2016-இலும் 2019-இலும் அப்படியே நடந்தது. அரசர் யோசிக்க வேண்டியதே இல்லை, கடிகாரம் யோசிக்கும்.

ஸ்வீடன் அந்த வேலையை முழுக்கச் சபாநாயகரிடம் கொடுத்துவிட்டது. அவர் நான்கு முறைவரை பெயர் முன்மொழியலாம். 349 பேரில் 175 பேர் எதிர்த்து வாக்களித்தால் மட்டுமே அந்தப் பெயர் விழும். ஆதரவு பெரும்பான்மை தேவையில்லை, எதிர்ப்புப் பெரும்பான்மை இல்லாதிருந்தால் போதும். நெதர்லாந்தும் 2012-இலிருந்து அரசியை ஒதுக்கிவிட்டு, பேச்சு நடத்தும் ஆளைக் கீழவையே நியமிக்கிறது. பெல்ஜியம் மட்டும் அரசரையே நடுவில் வைத்திருக்கிறது. 2010 ஜூன் தேர்தலுக்குப் பிறகு அரசு அமைய 541 நாள் ஆனது. ஒருவர் மாற்றி ஒருவராகத் தூதர்களை அரசர் அனுப்பிக்கொண்டே இருந்தார்.

தமிழர்கள் நெருக்கமாகப் பார்க்க வேண்டியது மலேசியா. ஒன்பது மாநிலங்களுக்கு மரபுவழி ஆட்சியாளர்கள் உண்டு. அவர்கள் தங்களுக்குள் ரகசிய வாக்கெடுப்பில் ஒருவரை ஐந்தாண்டுக்கு மாமன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நடைமுறையில் அது முறை வைத்துச் சுற்றிவருவது. அரசியலமைப்பின் 43-ஆவது பிரிவு, கீழவையில் பெரும்பான்மையின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று மாமன்னர் 'கருதும்' உறுப்பினரைப் பிரதமராக்கச் சொல்கிறது. அந்தக் 'கருதும்' என்ற சொல்லுக்கு 2018 வரை வேலை வரவில்லை, ஒரே கூட்டணி ஆண்டுகொண்டிருந்ததால். 2020 பிப்ரவரி 24-இல் பிரதமர் மகாதீர் திடீரென விலக, மாமன்னர் உறுப்பினர்களை ஒவ்வொருவராக அரண்மனைக்கு அழைத்து யாரை ஆதரிக்கிறீர்கள் என்று கேட்டார். மார்ச் 1-இல் முகைதின் யாசின் பதவியேற்றார். 2022 நவம்பர் 19 தேர்தலில் 222 இடங்களில் பெரும்பான்மைக்கு வேண்டிய 112 எந்தக் கூட்டணிக்கும் கிடைக்கவில்லை, பெரிய கூட்டணிக்கே 82. தலைவர்களிடம் எழுத்துமூலம் ஆதரவுப் பட்டியல் கேட்டு, கெடுவைத் தள்ளிவைத்து, சக ஆட்சியாளர்களைக் கலந்து, 24-ஆம் தேதி அன்வார் இப்ராகிமை நியமித்தார்.

இங்கே கோளாறு எதில்? ஆதரவை அரண்மனையில் எண்ணுவதில். அறைக்குள் சொன்ன ஆதரவை மறுநாள் மாற்றிச் சொல்லலாம். 2020-இலிருந்து 2022-க்குள் இரண்டு அரசுகள் கவிழ்ந்தது அப்படித்தான். சபைத் தளத்தில் கை தூக்கி எண்ணினால் அந்த வாய்ப்புக் குறைவு. நம் உச்ச நீதிமன்றம் எஸ்.ஆர்.பொம்மை வழக்கில், 1994-இல், பெரும்பான்மையை ஆளுநர் மாளிகையில் எண்ணக்கூடாது, சபையில் எண்ண வேண்டும் என்று சொன்னதற்கும் இதே காரணம். மலேசியா பிற்பாடு, 2022 அக்டோபரில், கட்சி தாவினால் பதவி போகும் என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது.

பிரேக்கைச் சுற்றியவர்

1975 நவம்பர் 11, ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெரா. கீழவையில் பெரும்பான்மை பிரதமர் கஃப் விட்லமுக்கு. மேலவையில் எதிர்க்கட்சி பலம், அது பட்ஜெட்டை நிறைவேற்றாமல் வாரக்கணக்கில் தள்ளிப்போட்டது. அரசாங்கத்தின் கையிருப்புக் கரைந்துகொண்டிருந்தது. அரசியின் பிரதிநிதியான கவர்னர்-ஜெனரல் ஜான் கெர், விட்லமைக் கூப்பிட்டுப் பதவிநீக்கக் கடிதத்தை நீட்டினார். எதிர்க்கட்சித் தலைவர் மால்கம் ஃபிரேசர் அதே மாளிகையில் வேறோர் அறையில் காத்திருந்தார். பட்ஜெட்டை நிறைவேற்ற வேண்டும், உடனே தேர்தல் நடத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு அவரைக் காபந்து பிரதமராக்கினார். மதியமே மேலவை பட்ஜெட்டை நிறைவேற்றியது. கீழவை ஃபிரேசர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றியது, அதை எடுத்துக்கொண்டு சபாநாயகர் போவதற்குள் இரண்டு சபைகளும் கலைக்கப்பட்டன. கலைப்பு அறிவிப்பு நாடாளுமன்றப் படிக்கட்டில் படிக்கப்பட்டது. டிசம்பர் தேர்தலில் ஃபிரேசர் பெருவெற்றி பெற்றார்.

தேர்தல் முடிவே கெர் செய்ததற்கு நியாயம் என்பது ஒரு பக்கம். எனக்கு அது ஒப்புதல் இல்லை. மக்கள் விட்லமை வேண்டாம் என்றது வேறு, விட்லமுக்கு ஒரு வார்த்தை எச்சரிக்காமல் நீக்கியது வேறு. எச்சரித்தால் விட்லம் அரசிக்கு ஆலோசனை அனுப்பித் தன்னை முதலில் நீக்கிவிடுவாரோ என்று கெர் பயந்தார். அந்தப் பயத்தில்தான் அமைப்பின் ஓட்டை தெரிகிறது. கவர்னர்-ஜெனரலைப் பிரதமர் நீக்க வைக்கலாம், பிரதமரைக் கவர்னர்-ஜெனரல் நீக்கலாம். யார் முந்துகிறார்களோ அவர் ஜெயிப்பார். உண்மையான அரசராக இருந்தால் இந்தப் போட்டியே வராது. அவரைத் தொலைபேசியில் நீக்க முடியாது, ஆகவே அவருக்கு அவசரமும் இல்லை. 2020-இல் வெளியான கடிதங்களிலிருந்து கெர் நாள் குறித்து அரசியிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது தெரிந்தது. சொல்லாமல் இருந்ததும் அரசியைக் காக்கத்தான்.

கையெழுத்துப் போட மனசாட்சி இடம் கொடுக்காவிட்டால்? பெல்ஜியத்தில் 1990-இல் அது நடந்தது. கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்தில் கையெழுத்திட முடியாது என்று அரசர் போதுவேன் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சட்டத்தைத் தடுக்கவும் விரும்பவில்லை என்றார். அமைச்சரவை ஒரு பழைய பிரிவைத் தேடி எடுத்தது, அரசரால் ஆள இயலாமல் போனால் பயன்படுத்துவதற்கென்று இருந்தது. ஏப்ரல் 4-இல் 'அரசரால் ஆள இயலவில்லை' என்று அறிவித்தார்கள். அமைச்சர்கள் அனைவரும் சேர்ந்து கையெழுத்திட்டார்கள். மறுநாள் நாடாளுமன்றம் கூடி, அரசர் மீண்டும் ஆளும் நிலைக்கு வந்துவிட்டார் என்று தீர்மானித்தது. காய்ச்சல் வந்து போனது போல. 2008-இல் லக்ஸம்பர்க் பெருங்கோமகன் கருணைக்கொலைச் சட்டத்துக்கு அதே மாதிரி மறுத்தபோது, அவர்கள் வளைத்துப் போகவில்லை. 2009 மார்ச்சில் அரசியலமைப்பையே திருத்தி, சட்டத்தை அவர் 'அங்கீகரிக்கிறார்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'வெளியிடுகிறார்' என்பதை மட்டும் வைத்தார்கள். பிரேக்கைத் தொட்டவரிடமிருந்து பிரேக்கையே கழற்றிவிட்டார்கள்.

நேபாளத்தில் அரசரையே கழற்றினார்கள். 1990-ஆம் ஆண்டு அரசியலமைப்பில், அதை நடைமுறைப்படுத்துவதில் தடங்கல் வந்தால் அரசர் நீக்கலாம் என்று ஒரு பிரிவு, எண் 127. எழுதியவர்கள் சின்னச் சிக்கல்களை நினைத்திருப்பார்கள். 2002 அக்டோபரில் ஞானேந்திரர் அதைக் காட்டிப் பிரதமரை நீக்கினார், 2005 பிப்ரவரி 1-இல் ஆட்சியையே எடுத்துக்கொண்டார். 2006 ஏப்ரலில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2008 மே 28-இல் அரசியல் நிர்ணய சபை 560-க்கு 4 என்ற கணக்கில் முடியாட்சியை முடித்துவைத்தது. அதே ஆண்டு ஜூலையில் பக்கத்து பூடான் எதிர்த்திசையில் போய், அரசர் 65 வயதில் ஓய்வுபெற வேண்டும், அவரை நீக்க நாடாளுமன்றத்தில் முக்கால்வாசி வாக்கும் பொதுவாக்கெடுப்பும் போதும் என்று அரசரின் முன்முயற்சியிலேயே எழுதிக்கொண்டது.

பணக்கணக்கைக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள், எனவே சுருக்கமாக. பிரிட்டனில் 1760-இல் மூன்றாம் ஜார்ஜ் அரச நிலங்களின் வருமானத்தை நாட்டுக்கு விட்டுக்கொடுத்து, பதிலுக்கு ஆண்டுத்தொகை வாங்கிக்கொண்டார். 2012-இலிருந்து அந்த நிலங்களின் லாபத்தில் ஒரு பங்கு அரசருக்கு மானியமாகப் போகிறது. முதலில் 15 சதவீதம், பக்கிங்ஹாம் அரண்மனையின் மின்கம்பி, குழாய் மாற்ற 25, இப்போது 12. 2025-26-க்கு 13 கோடியே 21 லட்சம் பவுண்டு. இதைவிட எனக்கு உறுத்துவது வேறு. அரசரின் சொந்தச் சொத்தையோ தனியுரிமைகளையோ தொடும் மசோதாவுக்கு, ஒப்புதலுக்கு முன்பே, விவாதம் முடிவதற்குள் 'அரச இசைவு' என்று தனியாக ஒன்று வாங்க வேண்டும். அமைச்சர்களின் ஆலோசனைப்படிதான் அதுவும் தரப்படுகிறது என்கிறார்கள். இருந்தாலும் வரைவு முன்கூட்டியே அரண்மனை வழக்கறிஞர் கைக்குப் போகிறது. 1708-க்குப் பிறகு மறுப்பு இல்லை என்று பெருமை பேசுகிறவர்கள் இந்த வாசலைப் பற்றிப் பேசுவதில்லை.

மறுபடியும் பூங்காவுக்கு மேலே இருக்கும் மாளிகைக்கு வருவோம். நம் அரசியலமைப்பின் 200-ஆவது பிரிவுப்படி, சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் தரலாம், நிறுத்திவைக்கலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். பண மசோதா அல்லாததைத் திருப்பி அனுப்புவதென்றால் 'இயன்றவரை விரைவில்' அனுப்ப வேண்டும். சபை மறுபடி நிறைவேற்றினால் ஒப்புதலை நிறுத்திவைக்கக்கூடாது. 'இயன்றவரை விரைவில்' என்பதற்கு நாள்கணக்கு இல்லை. மலேசியாவில் இருக்கிறது: 1994 திருத்தத்துக்குப் பிறகு, மாமன்னரிடம் மசோதா போய் 30 நாள் ஆனால், கையெழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது சட்டம். அரசருக்கே 30 நாள். தேர்ந்தெடுக்கப்படாத, டெல்லி நினைத்தால் மாற்றக்கூடிய ஆளுநருக்கு எல்லை இல்லை.

அரசர் பொறுமையாக இருப்பதற்கு ஒரு காரணம், தப்புச் செய்தால் பேரனுக்கு அரியணை இருக்காது. ஆளுநருக்கு அந்தக் கவலை கிடையாது, மாற்றலாகி அடுத்த மாநிலத்துக்குப் போகலாம். அதனால் அரசர்கள் விஷயத்தில் மரபே செய்யும் வேலையை, இங்கே எழுத்தில் வைத்தால்தான் ஓடும். 2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, தமிழ்நாட்டின் 10 மசோதாக்களை ஒப்புதல் பெற்றவையாகக் கொள்ளலாம் என்று தீர்ப்பளித்து, கெடுவும் விதித்தது. குடியரசுத் தலைவர் விளக்கம் கேட்க, நவம்பர் 20-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது என்று கருத்துச் சொன்னது. காரணமின்றி நீண்டகாலம் கிடப்பில் போட்டால் முடிவெடுக்கச் சொல்லி மட்டும் நீதிமன்றம் பணிக்கலாம். மலேசியாவின் 30 நாள் மாதிரி ஒன்று இங்கே வேண்டுமென்றால், 200-ஆவது பிரிவில் நாடாளுமன்றம்தான் அந்த எண்ணை எழுத வேண்டும்.